1,18,000 கி.மீ. ஓடிய எல்எஃப்பியா, 46,000 ஓடிய என்எம்சியா?

திருச்சியில் இருக்கும் என் மச்சான் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. தஞ்சாவூர், கும்பகோணம், புதுக்கோட்டை, கரூர் என்று மாதம் 3,500 கிலோமீட்டர் சுற்றுகிறவர். டீசல் செலவு கட்டுப்படியாகாமல் செகண்ட் ஹேண்டில் ஒரு மின்சாரக் கார் வாங்கலாம் என்று தேடியதில் இரண்டு கார்கள் அமைந்தன. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் கார் 2022 மாடல். 30 யூனிட் (kWh) எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, ஓடியது 1,18,000 கிலோமீட்டர். இரண்டாவது 2020 மாடல். 39 யூனிட் என்எம்சி, அதாவது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் பேட்டரி, ஓடியது வெறும் 46,000.

"மாப்ள, இதுல யோசிக்க என்ன இருக்கு? கம்மியா ஓடுனத எடுத்துர வேண்டியதுதானே?" என்றார். பெட்ரோல், டீசல் வண்டியாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பேட்டரி வண்டிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதனால் இரண்டையும் ஒரு வாரம் துருவிப் பார்த்தோம்.

முதலில் ஓட்டக் கணக்கு. பேட்டரியின் தேய்மானத்தைக் கிலோமீட்டரில் அளப்பதைவிட முழு சார்ஜ் சுற்றுகளில் அளப்பதுதான் சரி. முழு பேட்டரியையும் ஒருமுறை ஏற்றித் தீர்த்தால் ஒரு சுற்று. யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால் 30 யூனிட் கார் ஒரு சுற்றுக்கு 180 கிலோமீட்டர் ஓடும். 1,18,000-ஐ வகுத்தால் சுமார் 655 சுற்று. 39 யூனிட் காருக்கு ஒரு சுற்று 234 கிலோமீட்டர். 46,000-க்கு 200 சுற்றுகூட ஆகவில்லை. எல்எஃப்பி செல்கள் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்குவதற்குள் 3,000 சுற்றுவரை தாங்கும். நம் வெயிலுக்காக 2,000 என்று குறைத்துக்கொண்டாலும் 3,60,000 கிலோமீட்டர் வருகிறது. என்எம்சிக்கு 1,000 முதல் 1,500 சுற்று என்று வைத்தால் 2,34,000 முதல் 3,50,000 வரை. பேட்டரி பெரிதாக இருப்பதால் என்எம்சி இந்த இடத்தில் ரொம்பவும் பின்தங்கிவிடவில்லை. எல்எஃப்பிதான் எப்போதும் ஜெயிக்கும் என்று பேசுகிறவர்கள் பேட்டரியின் அளவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆக, ஓட்டத்தை மட்டும் பார்த்தால் இரண்டு காரிலும் நிறைய உயிர் மிச்சம் இருக்கிறது. ஆனால் பேட்டரி சும்மா நிற்கும்போதும் வயதாகும். அதை வேகப்படுத்துவது வெயிலும், நிரம்பிய சார்ஜும்.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவின் அரிசோனா. 2010 கடைசியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. பேட்டரி தானாகத்தான் ஆற வேண்டும். ஃபீனிக்ஸ் வெயிலில் ஓரிரு ஆண்டுகளிலேயே கொள்ளளவு குறைந்து, வாங்கியவர்கள் வழக்குவரை போனார்கள். பிறகு ஐடஹோ தேசிய ஆய்வகம் 2012 மாடல் லீஃப் நான்கை அதே ஃபீனிக்ஸில் ஓட்டிப் பார்த்தது. இரண்டுக்கு ஸ்லோ சார்ஜ் மட்டும், இரண்டுக்கு ஃபாஸ்ட் சார்ஜ் மட்டும். 50,000 மைல், அதாவது 80,000 கிலோமீட்டர் முடிவில் ஸ்லோ சார்ஜ் கார்கள் சுமார் 23 சதவீதமும், ஃபாஸ்ட் சார்ஜ் கார்கள் சுமார் 27 சதவீதமும் இழந்திருந்தன. ஃபாஸ்ட் சார்ஜ் கெடுதல் என்று எல்லோரும் பயப்படுகிறோம். அது கூடுதலாகத் தின்றது நான்கு சதவீதம்தான். ஜியோடாப் நிறுவனம் வண்டிகளிலிருந்து திரட்டிய தரவிலும் 2015 மாடல் லீஃப் ஆண்டுக்கு 4.2 சதவீதம் இழந்தது. திரவக் குளிர்விப்பு உள்ள அதே ஆண்டு டெஸ்லா மாடல் எஸ் 2.3 சதவீதம்தான் இழந்தது. பழைய மின்சாரக் கார் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, பேட்டரிக்குக் கூலன்ட் ஓடுகிறதா என்பதைத்தான். நாங்கள் பார்த்த இரண்டிலுமே ஓடியது. நல்லது.

அப்புறம் காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி டாங்கிள் என்ற சின்னக் கருவியைச் செருகி, செல்போன் செயலியில் பார்த்தோம். என்எம்சி காரின் பேட்டரி நலம் 89 சதவீதம். 200 சுற்றுகூட ஓடாத பேட்டரி 11 சதவீதம் எப்படி இழந்தது? உரிமையாளரிடம் பேசியதில் புரிந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு, மேற்கூரை இல்லாத பார்க்கிங். வாரம் ஒரு நாள்தான் வண்டி எடுப்பார். எடுத்து வந்ததும் 100 சதவீதம் ஏற்றி வைத்துவிடுவார், அவசரத்துக்கு வேண்டுமே என்று. ஊரடங்கு மாதங்களில் அப்படியே நின்றிருக்கிறது. நல்ல மனிதர், காரைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருக்கிறார். ஆனால் என்எம்சி செல்லுக்கு மே மாத வெயிலில் நிறை சார்ஜோடு நிற்பதைப்போல ஆகாத காரியம் வேறில்லை. எல்எஃப்பிக்கும் வெயில் ஆகாதுதான். ஆனால் அதன் முழு சார்ஜ் வோல்டேஜே குறைவு என்பதால் இந்த அளவுக்கு அடிபடாது.

எல்எஃப்பி காரைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. விற்கிறவரோடு ஒரு சுற்று போனோம். மீட்டர் 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. பாலம் ஏறி இறங்கியதும் திடீரென்று 6. மச்சான் என் முகத்தைப் பார்த்தார். பேட்டரி போய்விட்டது என்று நினைத்துவிட்டார்.

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். "தினமும் எவ்வளவு ஏற்றுவீங்க?" என்று கேட்டேன். "எண்பதுக்கு மேல ஏத்தவே மாட்டேன் சார். பேட்டரிக்கு நல்லதுன்னு சொன்னாங்க" என்றார். நூறு தொட்டு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. என்எம்சிக்குச் சொல்லப்படும் அறிவுரையை எல்எஃப்பிக்குக் கடைப்பிடித்திருக்கிறார்.

எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அதைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று வண்டியின் பேட்டரி மேலாண்மைக் கருவியால் சரியாகச் சொல்ல முடியாது. உள்ளே போன கரன்ட்டையும் வெளியே வந்த கரன்ட்டையும் எண்ணிக்கொண்டே வரும். எண்ணிக்கை நாளாக ஆகப் பிசகும். முழு சார்ஜ் ஆகும்போதுதான் அது கணக்கைத் திருத்திக்கொள்ளும். செல்களைச் சமன் செய்வதும் அந்த உச்சியில்தான். அதனால்தான் டெஸ்லாகூட எல்எஃப்பி உள்ள மாடல் 3-க்கு வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் ஏற்றச் சொல்கிறது.

உரிமையாளரின் சம்மதத்தோடு மூன்று இரவு 15 ஆம்பியர் சாக்கெட்டில் போட்டு, நூறு வந்த பிறகும் செருகியே வைத்திருந்தோம். முதல் இரவு உச்சியில் ஒரு செல் 3.55 வோல்ட், இன்னொன்று 3.41. பாதி சார்ஜில் பார்த்தபோது எல்லாச் செல்லும் 3.29, 3.30 என்று ஒழுங்குப் பிள்ளைகளாக நின்றவைதான் இவை. எல்எஃப்பி காரைப் பாதி சார்ஜில் சோதிப்பது வீண். மூன்றாம் இரவு முடிவில் வித்தியாசம் 0.03 வோல்ட்டுக்கு இறங்கியது. மீட்டர் தாவலும் நின்றது.

கொள்ளளவுக்குச் செயலியை நம்பாமல் நாங்களே அளந்தோம். 10 சதவீதம்வரை ஓட்டி இறக்கி, ஒரு மின் மீட்டர் வழியாக நூறுவரை ஏற்றினோம். சுவரிலிருந்து போனது 28 யூனிட். ஏற்றும்போது பத்தில் ஒரு பங்கு வீணாகும்; பேட்டரிக்குள் போனது சுமார் 25. அது 90 சதவீதம் என்றால் முழுக் கொள்ளளவு 27.8 யூனிட். ஆக, 655 சுற்றுக்குப் பிறகும் இழப்பு ஏழு சதவீதம்தான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். எல்எஃப்பியை அவர் தினமும் நூறு ஏற்றலாம்: 27.8 யூனிட், 165 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. என்எம்சியில் மிச்சம் 34.7 யூனிட். அது நீண்ட நாள் உழைக்க தினசரி 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்றால் கையில் நிற்பது அதே 27.8 யூனிட்! ஒன்பது யூனிட் பெரிய பேட்டரி, தினசரிப் புழக்கத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டித் தரவில்லை. என்றைக்காவது சென்னைக்குப் போகும் நாளில் நூறு ஏற்றினால் அது 208 ஓடும் என்பது மட்டும் உண்மையான அனுகூலம்.

உத்தரவாதத்தில் என்எம்சிக்கே சாதகம். இரண்டுக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். எல்எஃப்பி காருக்கு மச்சானின் ஓட்டத்தில் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். என்எம்சிக்கு 2028 வரை இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி உத்தரவாதங்களில் பொதுவாக 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் தேய்மானத்துக்கு இழப்பீடு. இரண்டுமே அதற்குள் அங்கே போகாது. செல் திடீரென்று செத்தால் மட்டும் உதவும். புது வண்டிகளுக்கு இப்போது வரும் 'ஆயுள் உத்தரவாத'த்தையும் கைமாறும்போது கவனிக்க வேண்டும். மஹிந்திராவின் பிஇ 6 மின்சாரக் காருக்குச் சொந்த உபயோகத்துக்குப் பதிந்த முதல் உரிமையாளருக்கே அது. விற்றால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டராகச் சுருங்கிவிடும்.

உத்தரவாத அட்டையில் நான் பார்த்ததிலேயே அதிகம் சொன்னது சீனக் கம்பெனியான பிஒய்டியின் இ6 மின்சாரக் காருடையது. 2021 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது எல்எஃப்பி பிளேடு பேட்டரியின் செல்லுக்கு 8 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் கொடுத்தார்கள். மோட்டாருக்கு 1.5 லட்சம். வண்டிக்கு 3 ஆண்டு அல்லது 1.25 லட்சம். செய்தவர்களே செல்லை நம்பும் அளவுக்கு மற்றதை நம்பவில்லை. அதிகம் ஓடிய மின்சாரக் காரில் கைவைக்கப் போவது எங்கே என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

எல்எஃப்பி காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்ததிலும் அதுதான் தெரிந்தது. பேட்டரி எடையையும் சேர்த்துச் சுமந்த முன் சக்கரங்களின் லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர்) இரண்டு பக்கமும் கிழிந்திருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஏறினால் இடது டிரைவ் ஷாஃப்டில் டக், டக். முன் டயர் இரண்டும் தேய்ந்து மட்டமாகியிருந்தன. நின்ற இடத்திலிருந்தே முழு டார்க்கும் முன் சக்கரத்தில் இறங்கும் வண்டிக்கு இது சகஜம். பிரேக் பேட் மட்டும் புதுசு மாதிரி இருந்தது, ரீஜென் புண்ணியத்தில்; வேகம் குறைக்கும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் ஏற்பாடு அது. அந்தச் சுகத்துக்கும் ஒரு விலை உண்டு: பிரேக்குக்கு வேலை இல்லாததால் மழைக்காலத்தில் டிஸ்க் துருப்பிடிக்கும், காலிப்பர் பின் இறுகும். வருடம் ஒருமுறை கழற்றி கிரீஸ் போட வேண்டும். 12 வோல்ட் பேட்டரி மாற்றும் வயதில் இருந்தது. இது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி உயிர்க்காது. சார்ஜிங் போர்ட்டில் ஒரு பின் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. தளர்வான சாக்கெட்டில் சூடேறியதன் அடையாளம். அதை உடனே மாற்றச் சொன்னேன்.

என்எம்சி காரில் இந்த வேலை எதுவும் இல்லை. ஆனால் இன்னொரு எழுபதாயிரம் ஓடினால் எல்லாம் வரும்.

புஷ்ஷும் டயரும் டிரைவ் ஷாஃப்டும் திருச்சியிலேயே கிடைக்கும், மாற்றத் தெரிந்த ஆளும் உண்டு. வெயிலில் போன கொள்ளளவைத் திருப்பித் தர ஆள் கிடையாது. வாரம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிற, நிழலில் நிறுத்தி 50, 60 சதவீதத்தில் வைக்கத் தெரிந்த ஒருவர் கேட்டிருந்தால் என்எம்சியைத் தயங்காமல் சொல்லியிருப்பேன். மச்சான் இரவு ஒன்பதரைக்கு வந்து செருகிவிட்டுத் தூங்கப் போகிறவர். எண்பதில் நிறுத்தவா, நூறு ஏற்றவா என்று தினமும் யோசிக்க அவருக்குத் தெம்பு இருக்காது. எல்எஃப்பியையே எடுக்கச் சொன்னேன். புஷ், டயர், ஷாஃப்ட், போர்ட் என்று பட்டியல் போட்டுக் காட்டி 45,000 ரூபாய் குறைத்தோம்.

ஆறு மாதம் ஆயிற்று. 21,000 கிலோமீட்டர் கூடியிருக்கிறது. தினமும் நூறு ஏற்றுகிறார். கும்பகோணம் போய்த் திரும்பும் நாளில் மட்டும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் ஃபாஸ்ட் சார்ஜ். போன ஞாயிற்றுக்கிழமை அதே மீட்டரை வைத்து அதே 10-லிருந்து 100 சோதனை செய்து எனக்குப் போட்டோ அனுப்பினார். கணக்குப் போட்டால் 27.5 யூனிட் வந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: "மாப்ள, பேட்டரி ஓகே. பின்னாடி ஷாக் அப்சார்பர்ல எண்ணெ கசியுது, என்ன விலைன்னு கேட்டுச் சொல்லு."