ஆறு வருஷம், ரெண்டு கோட்டு, ஒரு தோள்பட்டை

திருநெல்வேலி வெயிலுக்குக் கோட்டு எதுக்குவே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ரிசப்ஷன், கம்பெனி மீட்டிங் என்று வருஷத்துக்கு ஏழெட்டு தடவை போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். 2019-ல் மச்சான் கல்யாணத்துக்காக முதல் கோட்டு எடுத்தேன். செட்டாக வரும் சூட் இல்லை, எந்தப் பேன்ட்டோடும் போடுகிற ஸ்போர்ட் கோட்டு.

அங்கேதான் கோட்டை விட்டேன். என் மார்பளவு 40 அங்குலம். கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று 42 வாங்கினேன், கடைக்காரப் பையனும் "ஃப்ரீயா இருக்கும் சார்" என்று தலையாட்டினான். 40 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 40 அங்குல உடம்புக்கான கோட்டு, மூச்சு விடுவதற்கான இடம் அதிலேயே சேர்த்துத்தான் வெட்டியிருப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. (ஐரோப்பிய அளவில் 50 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் நம்ம 40-தான்.) உள்ளே ஸ்வெட்டர் போட ஒரு சைஸ் கூட எடுக்கச் சொல்வதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்களுக்கு, பாளையங்கோட்டையில் எவன் ஸ்வெட்டர் போடுகிறான்!

ரிசப்ஷன் போட்டோவில் பார்த்தால் தோள் ஓரத்தையல் எலும்பைத் தாண்டி முக்கால் அங்குலம் தொங்குகிறது, அதற்குக் கீழே கையில் ஒரு பள்ளம். அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு வந்த பையன் மாதிரி இருந்தேன்.

பாளையில் எனக்குத் தெரிந்த டெய்லரிடம் கொண்டுபோனேன். தோளில் கையை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "அண்ணாச்சி, இடுப்பப் பிடிக்கணுமா, பிடிச்சுத் தாரேன். கை நீளம் குறைக்கணுமா, அதையும் பாத்துக்கிடுதேன். தோள மட்டும் கேக்காதீங்க, அதப் பிரிச்சா கோட்டையே புதுசா தச்ச மாதிரி." அப்புறம் சுவரோரம் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி மெதுவாகச் சாயச் சொன்னார். கைக்கு முன்னால் தோள் பேட் சுவரில் இடித்தால் கோட்டு பெரிசு. இடித்தது.

ரெண்டாவது, 2021-ல் எடுத்த 40. முதலில் இறுக்கமாகத்தான் தோன்றியது. ஆனால் அக்குள் வெட்டு மேலே ஏறி உடம்போடு இருப்பதால் பைக்கில் கையை நீட்டி சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டும்போதும் கோட்டு மேலே ஏறவில்லை. பெரிய 42-ல் கையைத் தூக்கினாலே மொத்தக் கோட்டும் கூட வரும், கழுத்துக்குப் பின்னால் காலர் விலகி நிற்கும். பட்டன் போட்டுப் பாருங்கள், வயிற்றில் எக்ஸ் மாதிரி சுருக்கம் இழுத்தால் சின்னது. கீழ்ப்பட்டன் எப்போதும் போடுவதில்லை. சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரியட்டும். லைனிங் முதுகில் பாதிதான் இருக்க வேண்டும், முழு லைனிங் போட்டால் சித்திரையில் நீங்கள் அவிந்தே போவீர்கள்.

வாங்கும்போது உள்பக்கம் திருப்பித் தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்றும் பாருங்கள். நாலு வருஷத்தில் எனக்கு வயிறு ரெண்டு அங்குலம் கூடிவிட்டது (அல்வா காரணமில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்), அந்தத் துணி இருந்ததால்தான் அதே டெய்லர் இடுப்பைப் பிரித்து விட முடிந்தது. தோள் மட்டும் மாறவே இல்லை.

ஒரு குறை, என் தப்புதான்: அவசரத்துக்கு வீட்டில் சூடாக இஸ்திரி போட்டதில் மார்புப் பக்கம் ஒட்டுக் கேன்வாஸ் (விறைப்பாக நிற்க உள்ளே பசையால் ஒட்டியிருக்கும் துணி) விட்டுப்போய்ச் சின்னக் கொப்புளங்கள். அது போகவே இல்லை.

பழைய 42 பாச்சை உருண்டையோடு பீரோவில் கிடந்தது. போன ஆடியில் குற்றாலச் சாரலுக்குப் போகும்போது அப்பா அதை எடுத்து மாட்டினார். தோள் கச்சிதம். நான் திருப்பிக் கேட்கவில்லை.