பழைய காரில் சார்ஜ் ஏறலையா: பாட்டரி, டைனமோ, எர்த், எதில் காசு போடலாம்?

என் கார் 2005-ல் வாங்கியது. 15 வருஷம் முடிந்து, ஆர்.சி. புதுப்பித்து, இன்னும் பெங்களூர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, அல்சூர் வீட்டு வாசலில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. எடுத்துவிட்டது, ஆனால் மனசில்லாமல் எடுத்தது.

பாட்டரிக் கடையில் காட்டினேன். "பாட்டரி போச்சு சார், புதுசு போட்டுக்கோங்க, 4,500." ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், சேலத்துக்காரர், காதை பானெட் பக்கம் வைத்துக் கேட்டுவிட்டு, "டைனமோ வீக்குங்க. இறக்கிப் பாத்துடலாம், 1,800 ஆகும்" என்றார். (இன்ஜின் ஓடும்போது பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை நம் ஆட்கள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.) மூன்றாவது தீர்ப்பு என்னுடையது: டைனமோவைச் சுற்றவைக்கும் பெல்ட் தளர்ந்திருக்கும். மூன்று பேரில் முழுக்கத் தப்பாகச் சொன்னது நான்தான்.

சண்டையைத் தீர்க்க 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகும் வோல்ட் மீட்டர் ஏற்கெனவே இருந்தது. அதை நம்பாதீர்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் மெல்லிய வயரிலேயே கொஞ்சம் வோல்ட் தொலைந்துவிடும், அது எப்போதும் குறைத்துத்தான் காட்டும். அளப்பதானால் பாட்டரியின் ஈய முனையிலேயே அளக்க வேண்டும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால் வயிறு, 12.2 என்றால் அரை வயிறு, 12-க்குக் கீழே போனால் பட்டினி. இன்ஜின் ஓடும்போது அதே முனையில் 13.8-லிருந்து 14.5-க்குள் இருப்பது வழக்கம். என் வண்டியில் காலையில் 12.2. ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் போட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை 2,000 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் 13.2. அதற்கு மேல் ஏறவில்லை.

ஒரு விஷயம்: சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து வந்த கையோடு அளந்துவிட்டுப் பயப்படக் கூடாது. சூடேறினால், டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தானாகவே அதைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். ஐட்லிங்கில் எல்லா லோடும் போட்டால் 13-க்குக் கிட்டே வருவதும் பழைய வண்டியில் சகஜம். ஆனால் ஆக்சிலேட்டர் கொடுத்தும் ஏறவில்லை என்றால்தான் விசாரணை. புது வண்டிகள் பலவற்றில் கம்ப்யூட்டரே வோல்ட்டை ஏற்றி இறக்கும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பாட்டரிக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய லோடு டெஸ்டரில் என் பாட்டரி தோற்றதை நானே பார்த்தேன். ஆனால் அரை வயிற்றில் இருக்கிற பாட்டரியை டெஸ்ட் செய்தால் எதுவும் தோற்கத்தான் செய்யும். வெளியே சார்ஜரில் ஒரு ராத்திரி போட்டு, முழுசாக ஏறின பிறகு டெஸ்ட் செய்ய வேண்டும். அப்போதும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், அல்லது சும்மா இருக்கும்போதே 10.5 பக்கம் நின்றால் (ஒரு செல் ஷார்ட்), பாட்டரி போனது உண்மை. என்னுடையது சார்ஜ் ஏறின பின் 10-க்கு மேலேயே நின்றது. புதுசு போட்டிருந்தால்? கடையில் முழுசாக சார்ஜ் ஏற்றிக் கொடுப்பார்கள், வண்டி இரண்டு மாதம் ராஜா மாதிரி ஓடும், நானும் சரியாகிவிட்டது என்று நம்பியிருப்பேன். பிறகு அரைப் பட்டினியில் தகட்டில் சல்பேட் படிந்து அதுவும் செத்திருக்கும். குழாயில் தண்ணீர் வராததற்குக் குடத்தை மாற்றின கதை.

டைனமோ என்று சொன்னவர் பக்கம் கொஞ்சம் நியாயம் அதிகம். தேய்வதற்கென்றே உள்ளே இரண்டு கார்பன் பிரஷ் இருக்கிறது. ரெகுலேட்டர் இருக்கிறது. ஏசி கரண்டை (மாறு மின்னை) டிசி-யாக (நேர் மின்னாக) மாற்றும் டயோடு பிளேட்டில் ஆறு டயோடாவது இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி அழும். பிரஷ் தேய்ந்தால் சார்ஜ் விட்டு விட்டு வரும், மேடு பள்ளத்தில் டேஷ்போர்டின் பாட்டரி விளக்கு மினுக்கும். டயோடு ஒன்று போனால் வோல்ட் ஓரளவு இருக்கும், லோடு போட்டால் படுத்துவிடும். இதை இறக்காமலே கண்டுபிடிக்கலாம்: மல்டிமீட்டரை ஏசி (மாறு மின்) வோல்ட்டுக்கு மாற்றி, இன்ஜின் ஓடும்போது பாட்டரி முனையில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடில் கோளாறு என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். எனக்கு 0.04 தான் காட்டியது.

சாவியைத் திருப்பியதும் அந்தப் பாட்டரி விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பல பழைய வண்டிகளில் டைனமோவை எழுப்பிவிடும் முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகும். பல்பு ஃபியூஸ் போனதற்கு டைனமோவைக் கழற்றினவர்கள் உண்டு.

"வண்டி ஓடும்போது பாட்டரி கேபிளைக் கழட்டிப் பாப்போம், நின்னா டைனமோ காலி" என்று யாராவது கையை நீட்டினால் உடனே தடுத்துவிடுங்கள். பாட்டரி என்கிற தாங்கி இல்லாத அந்த நொடியில் வோல்ட் எகிறும். பழைய அம்பாசடர் காலத்தில் தாங்கியது, இ.சி.எம். (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) இருக்கிற வண்டி தாங்காது. அந்தச் சேலத்துக்காரரும் அப்படித்தான் கையை நீட்டினார். நல்ல கைவேலைக்காரர், பழக்கம் விடவில்லை.

என் பெல்ட் தீர்ப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கிறீச் சத்தம் இல்லை, கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போலத்தான் இறங்கியது, உள்பக்கம் பளபளப்பு ஏறவில்லை. பெல்ட் நன்றாகவே இருந்தது. சந்தேகத்தில் இழுத்துக் கட்டியிருந்தால் டைனமோ பேரிங்குக்குச் சனி பிடித்திருக்கும்.

மிச்சம் இருந்தது வயர். இந்த டெஸ்டுக்கு 5 நிமிஷம் போதும், ஆனால் நான் போன இரண்டு கடையிலும் இதை யாரும் செய்யவில்லை. எல்லா லோடும் போட்டு, 2,000 ஆர்.பி.எம்.மில் வீட்டம்மாவை ஆக்சிலேட்டரில் உட்கார வைத்துவிட்டு, டைனமோவின் தடித்த வயர் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளந்தேன்: 13.9. அதாவது டைனமோ சரியாகத்தான் தயாரிக்கிறது. பாட்டரியில் 13.2. நடுவில் 0.7 வோல்ட் எங்கேயோ தொலைகிறது. மீட்டரின் ஒரு முள் டைனமோ போல்ட்டில், மற்றொன்று பாட்டரி பிளஸ்ஸில்: 0.15. பரவாயில்லை, 0.2 வரை போகலாம். அடுத்து டைனமோ உடம்பிலிருந்து பாட்டரி மைனஸ்: 0.55. திருடன் அகப்பட்டான்.

பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே பின்னல் போட்ட ஒரு எர்த் பட்டை, கரண்ட் மைனஸ் பக்கமாகத் திரும்பும் வழி அது. கழற்றினால் முனையில் இருக்கும் லக்குக்குக் கீழே பச்சை பூத்து, பின்னலில் பாதி இழை கையோடு வந்தது. செல்ஃப் இழுத்ததற்கும் அதுதான் காரணம். 30 ஆம்பியருக்கே 0.55 தின்கிற பட்டை, செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் கேட்கும்போது இரண்டரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். இதில் இன்னொரு சங்கதி. சில டைனமோக்களில் பாட்டரி பிளஸ்ஸை எட்டிப் பார்க்க ஒரு தனி வயர் உண்டு, பிளஸ் பக்கம் இழப்பு இருந்தால் அது ஏற்றிக்கொடுத்துச் சரிக்கட்டிவிடும். எர்த் பக்கம் தொலைவதைக் கேட்க நாதியில்லை. அதனால் சந்தேகம் வந்தால் முதலில் மைனஸ் பக்கம் பாருங்கள். ஜே.சி. ரோட்டில் புது எர்த் கேபிள் 250 ரூபாய். உப்புத்தாளால் பாடியைத் தேய்த்து, இறுக்கி, மேலே வேசலின் தடவினேன். பாட்டரியில் 13.7 வந்தது.

ஆறு மாதம் கழித்து கிருஷ்ணகிரி டோல் தாண்டும்போது பாட்டரி விளக்கு மினுக்கியது. இந்த முறை டைனமோ போல்ட்டிலேயே 12.9. எர்த் இழப்பு 0.05 தான். அப்படியானால் டைனமோவேதான். மூன்று வழி இருந்தது: ஜே.சி. ரோட்டில் புதுசு, 8,500 சொன்னார்கள். சிவாஜி நகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தை) வேறு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டது, 2,500. அல்லது இருப்பதையே பிரித்து வேலை செய்வது. குஜிரி டைனமோவைக் கையில் சுற்றிப் பார்க்கலாம், பேரிங் கரகரக்கிறதா என்று கேட்கலாம், புல்லி அளவைப் பார்க்கலாம். பிரஷ் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து பெரும்பாலும் தெரியாது. என் வண்டியின் பழைய பிரஷ்ஷைக் கொடுத்து இன்னொரு வண்டியின் பழைய பிரஷ்ஷை வாங்குகிற வியாபாரம் அது. பாடி உடைந்திருந்தாலோ, காயில் கருகியிருந்தாலோ மட்டும் குஜிரிக்குப் போவேன். புதுசு, இன்னும் ஐந்தாறு வருஷம் வண்டியை வைத்துக்கொள்பவர்களுக்கு. பேரிங், காயில், பிரஷ் எல்லாம் ஒன்றாகக் கிழடு தட்டியிருந்தால் அதுதான் மலிவு.

எனக்கு மூன்றாவது வழி. அதே சேலத்துக்காரரிடம் போனேன். பிரித்தபோது ஒரு பிரஷ் பட்டாணி அளவுக்குத் தேய்ந்திருந்தது. பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங்கில் விரல் வைத்தால் பள்ளம் தெரிந்தது, லேத்தில் லேசாகக் கடைந்தார். பிரஷ், இரண்டு பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 1,900.

"அன்னிக்கே சொன்னேன்ல சார்."

"அன்னிக்கு இறக்கியிருந்தா எர்த்து அப்படியேதானேங்க இருந்திருக்கும்?"

பதில் சொல்லாமல் மீட்டரை வாங்கிப் பாட்டரி முனையில் வைத்தார். 14.1.