மண்டபம் ஜோர், கை கழுவும் இடம் மட்டும் ஜாக்கிரதை (2 ஸ்டார்)

ஆவணியில் தங்கை கல்யாணத்துக்கு இந்த மண்டபத்தை எடுத்தோம். ஹால் பெரிசு, ஏசி குறையில்லை, கார் நிறுத்தத் தாராளமாக இடம் இருக்கிறது. மணமகள் அறையில் வெந்நீர் வரவில்லை, அதை விடுங்கள்.

சாப்பாட்டு ஹாலிலிருந்து கை கழுவும் இடத்துக்கு அரையடி இறக்கம், அங்கே வழவழ டைல்ஸ், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஒரு தொட்டிக்கு அடியில் பைப் கழன்று தண்ணீர் அப்படியே தரையில் ஓடுகிறது. முந்தின ராத்திரியே மேனேஜருக்குப் போட்டோ அனுப்பினேன், "ஆள் வருவான் சார்" என்றார். வரவில்லை. மறுநாள் இரண்டாம் பந்தி முடிந்து கை கழுவப் போன அத்தை, சாம்பார் எண்ணெயும் தண்ணீரும் கலந்து கிடந்த இடத்தில் கால் வைத்து விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

"வயசானவங்க பாத்து நடக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் சுவரைக் காட்டினார். 'அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டு! அதை மாட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பு போல. 1998-ல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் வேலட்டிடம் (காரை வாங்கி நிறுத்தும் ஹோட்டல் ஊழியர்) கொடுத்த கார் திருடு போனபோது டோக்கனிலும் இதே மாதிரிதான் அச்சடித்திருந்தது, அதைக் காட்டி ஹோட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே போனது கார், இங்கே கை.

அத்தை பணம் கட்டவில்லையே, விருந்தாளிதானே என்று அடுத்த வாதம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கட்டினவர் சம்மதத்தோடு அந்தச் சேவையை அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான். 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கட்டின வாடகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. எங்களுக்குக் கைகொடுத்தது அந்த வாட்ஸ்அப் போட்டோவும் அதில் விழுந்த இரண்டு நீல டிக்கும்தான், ஏனென்றால் தெரிந்தும் சரிசெய்யவில்லை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

வக்கீல் நோட்டீஸ் போன பத்தாம் நாள் ஓனரே போன் செய்து ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினார். அவர் பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது, இரண்டாவது ஸ்டார் அதற்கு. போன வாரம் இன்னொரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ரப்பர் பாய் போட்டிருக்கிறார்கள். பைப் இன்னும் ஒழுகுகிறது.