சாஃப்ட் வழியே வரும் தண்ணீர்: கயிறா, சீலா?

கடலூர் முதுநகரிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகில், சாஃப்ட் (இஞ்சினிலிருந்து போய் புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு) வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்க இரண்டு வழி: கிளாண்டில் (சாஃப்டைச் சுற்றி நட்டால் இறுக்கும் கூடு) பேக்கிங் கயிறு, அல்லது சொட்டே விடாத ரப்பர் சீல்.

கயிறு என்றால் ஓடும்போது கொஞ்சம் சொட்டத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாஃப்டைக் குளிர்விக்கிறது. நிமிடத்துக்கு 10 சொட்டு என்றாலும், 24 மணி நேரம் ஓடி முக்கால் லிட்டர் தேறாது. அதற்குப் பயந்து நட்டை இறுக்கினால் கயிறு கருகி, சாஃப்டில் பள்ளம் விழும்; அப்புறம் எந்தக் கயிறு சுற்றினாலும் நிற்காது. இரண்டு பக்க நட்டையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கிளாண்டில் வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு ஆகாது. (நிறுத்திவிட்டுத் தொடுங்கள். சுற்றும் சாஃப்டுக்கு லுங்கி என்றால் உயிர்!) புதுக் கயிற்றை வளையம் வளையமாக வெட்டிப் போடும்போது, வெட்டுவாய்கள் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது.

சீல் போட்ட படகின் அடித்தளம் காய்ந்து கிடக்கும், பார்க்கவே சுகம். ஆனால் உப்பனாற்று முகத்துவாரத்துச் சேறும் மணலும் சீலின் உதட்டை அரிக்கும். இஞ்சினும் சாஃப்டும் நேர்கோட்டில் இல்லையென்றாலும் சீக்கிரம் தேயும். பெரும்பாலான வகைகளை மாற்றக் கப்ளிங்கை (இஞ்சினையும் சாஃப்டையும் பூட்டும் இணைப்பு) கழற்ற வேண்டும். நடுக்கடலில் அது நடக்கிற காரியமா? கயிறோ, மோசமாகும் முன் அதிகம் சொட்டிச் சொல்லிவிடும். இரண்டு ஸ்பேனர் இருந்தால் கரை வந்து சேரலாம்.

அதனால் மீன்பிடிப் படகுக்கு என் ஓட்டு கயிற்றுக்கே. புதுச்சேரி சுண்ணாம்பாற்றுக் காயல் மாதிரி இடத்தில் கரைக்கருகிலேயே ஆள் ஏற்றி ஓடும் இன்போர்டு (இஞ்சின் உள்ளே இருக்கும்) படகுக்குச் சீல் பொருந்தும். எதுவானாலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் படகைக் கரையேற்றும்போதே மாற்றிவிடுங்கள்.

அடித்தளத்தில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பில் மட்டும், தானே ஓடுவது, கையால் அடிப்பது இரண்டும் வேண்டும். மிதவை சுவிட்ச் போட்ட பம்பு ஆளில்லாதபோது இறைக்கும். ஆனால் கசிவு கூடியதையும் மறைத்துவிடும், பேட்டரி இறங்கிய பிறகே தெரியும். கைப்பம்பு அடிக்கிறவருக்கு நேற்றைவிட இன்று எத்தனை அடி கூட என்று கை சொல்லிவிடும். டீசல் மிதக்கும் தண்ணீரைத் துறைமுகத்துக்குள் இறைக்காதீர்கள். பழந்துணியால் எண்ணெயை ஒற்றியெடுத்த பிறகு பம்பைப் போடுங்கள்.