வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு "அப்பா டெஸ்ட்" என்று வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள்

அம்பை, கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். கர்ப்பமாக இருக்கும்போதே தாயின் ரத்தத்தை வைத்து அப்பா யார் என்று சொல்கிறோம், வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கூட்டம் சுற்றுகிறது. ஒரு கலெக்‌ஷன் சென்டர் போர்டு, ஒரு வாட்ஸ்அப் நம்பர், அவ்வளவுதான் கடை. என் தங்கச்சியின் மாமியாரிடம் 35,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள், பணம் போனதைவிட அந்த வீட்டில் அவர்கள் மூட்டிவிட்ட சண்டைதான் பெரிது.

தங்கச்சி வீட்டுக்காரர் துபாயில். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கென்று லீவில் வந்து, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனார். அப்புறம் ஸ்கேன் எடுத்தபோது எட்டு வாரம் என்று எழுதியிருக்கிறார்கள். "எம்மவன் வந்தே ஆறு வாரம் சொச்சந்தான ஆவுது, எட்டு வாரம்னா எப்படிட்டி?" இதுதான் அந்த அத்தை கேட்டது. டாக்டர்கள் வாரத்தைக் கணக்குப் பண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. கரு உண்டாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். ஆக ஸ்கேனில் எட்டு வாரம் என்றால் கருவுக்கு வயது ஆறு வாரம். கணக்கு கச்சிதமாகச் சரி. ஊர் நர்ஸம்மாவிடம் கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே சொல்லியிருப்பார். அத்தை கேட்டது வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பியவனிடம்.

ஒரு பையன் வந்தான். தங்கச்சியிடம் தைராய்டு டெஸ்ட் என்று சொல்லித்தான் ரத்தம் எடுத்திருக்கிறான், கையெழுத்தும் வாங்கவில்லை. எடுத்ததை ஊதா மூடி போட்ட சாதாரண டியூபில் ஊற்றி, அக்னி நட்சத்திர வெயிலில் பைக் டிக்கிக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். இப்படி ஒரு சோதனை உலகத்தில் இல்லாமல் இல்லை. தாயின் ரத்தத்தில் பிள்ளையின் டிஎன்ஏ துணுக்குகள் மிதக்கும் என்பது 1997-லேயே கண்டுபிடித்ததுதான். ஆனால் அது துளியூண்டு. அதற்கென்று தனி டியூப் உண்டு, இல்லையென்றால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். சூட்டில் கிடந்தால் தாயின் ரத்த அணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ கொட்டிவிடும், பிள்ளையுடையது அதற்குள் காணாமல் போய்விடும்.

அப்பாவின் சாம்பிள் கதை இன்னும் அநியாயம். அவர்தான் துபாய்க்குப் போய்விட்டாரே, அதனால் சீப்பில் இருந்த முடி போதும் என்றிருக்கிறான். வேர் இல்லாத முடியில் பெரும்பாலும் கிடைப்பது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அது தாய் வழியில் மட்டும் வருவது. அந்த முடியை எவ்வளவு ஆராய்ந்தாலும் அத்தையின் அம்மா வழிதான் தெரியும், வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது!

ரிப்போர்ட் ஒற்றைத் தாள். "62% பொருத்தம்" என்று போட்டிருந்தது. நிஜமான தந்தைமைச் சோதனையில் இப்படி ஒரு பதிலே வராது. ஒன்று இவர் அப்பா இல்லை என்று வரும், இல்லை 99 புள்ளி சொச்சம் சதவீதம் என்று வரும். கூடவே எந்தெந்த மரபுக் குறியீடு, யாருக்கு எந்த எண் என்று அட்டவணை இருக்கும், பார்த்தவரின் கையெழுத்து இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. நான் போன் போட்டுக் கேட்டேன். "அக்கா, சந்தேகம்னா இன்னொரு சாம்பிள் எடுத்துக்கிடலாம், 18,000 ஆகும். கூடக் கொஞ்சம் போட்டா என்ன பிள்ளைன்னும் சொல்லிருவோம்" என்கிறான், கூசாமல்! உங்கள் பதிவு எண் என்ன தம்பி என்றேன். நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

என்ன பிள்ளை என்று சொல்வது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, கருவில் சோதனை செய்யவே, பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் அந்த 1994 சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: குரோமோசோம் கோளாறு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் கோளாறு, பிறவிக் குறைபாடு இந்த மாதிரி. அப்பா யார் என்பது அதில் கிடையாது. கல்யாண உறவு நீடிக்கும்போது பிறக்கும் பிள்ளை கணவனுடையது என்றுதான் சட்டமும் எடுத்துக்கொள்ளும், இருவரும் கூடியிருக்கவே வாய்ப்பில்லை என்று நிரூபித்தால் ஒழிய. கேட்டவர்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவு போடக் கூடாது என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. கோர்ட் உத்தரவே போட்டாலும், பிறந்த பிறகு பிள்ளையின் கன்னத்து உள்பக்கம் பஞ்சால் தடவி எடுத்தால் போதும், கர்ப்பத்திலேயே சோதிக்கிற வேலையே வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்து அவர் அம்மாவைப் பிடித்த பிடியில் அத்தை இப்போது வாயே திறப்பதில்லை. தங்கச்சி எங்கள் வீட்டில் இருக்கிறாள். சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லியிருக்கிறோம், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் மனு கொடுத்தாயிற்று, பணம் இன்னும் வரவில்லை. அடுத்தது நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி ஒற்றைத் தாள் ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கிழித்துப் போட்டுவிடாதீர்கள், ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் மெசேஜும் அப்படியே இருக்கட்டும்.