கார் ஷெட்டில் மில்லிங் மெஷின்: குட்டியா, உருண்டைத் தூணா, பழைய இரும்பா?

லேத் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வந்த முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது, உருண்டையாக இருப்பதை எல்லாம் அதில் செய்துவிடலாம், தட்டையாக ஒரு முகம் வேண்டுமென்றால் அரம்தான் கதி. ஒரு பொம்மை ஸ்டீம் எஞ்சினுக்கு சிலிண்டர் பிளாக்கை அரம் போட்டே சதுரமாக்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது, கடைசியில் மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் இடுக்கு தெரிகிறது. சுற்றும் கட்டரால் தட்டையாக வெட்டும் மில்லிங் மெஷினுக்காக அன்றைக்கு ஆரம்பித்த தேடல் இது. கோவையில் இருப்பதால் ஒரு வசதி, கேட்டால் காட்டுவதற்கு ஆள் உண்டு. எட்டு மாதத்தில் நாலைந்து மெஷின்களில் நானே ஹேண்டில் சுற்றிப் பார்த்துவிட்டேன். என் ஷெட் பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதில் பாதி ஸ்கூட்டருக்கு. இந்த அலசல் அந்த அளவில் இடம் இருப்பவர்களுக்கு.

முதலில் பட்டியலிலிருந்து தூக்க வேண்டியவற்றைத் தூக்கிவிடுகிறேன். டிரில்லிங் மெஷினில் எண்ட் மில், அதாவது பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர், மாட்டி ஓட்டலாமே என்று எல்லோருக்கும் ஒருமுறை தோன்றும். வேண்டாம். அதில் டூலைப் பிடிக்கும் சக் நிற்பதே டேப்பரின், அதாவது கூம்புச் சாய்வின், பிடிமானத்தில்தான், கீழ்நோக்கிய அழுத்தம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, பக்கவாட்டில் இடி விழ ஆரம்பித்ததும் டேப்பர் கழன்று சுற்றிக்கொண்டே கீழே வரும். 3018 என்று விற்கும் குட்டி சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்), பிசிபி போர்டுக்கும் மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நல்லது, அலுமினியத்தைச் சுரண்டும், இரும்புப் பக்கம் போகாது. லேத்தின் கிராஸ் ஸ்லைடில் (குறுக்கே நகரும் பகுதி) வெர்டிகல் ஸ்லைடு (மேலும் கீழும் நகரும் பகுதி) பொருத்தி, கட்டரை ஹெட்ஸ்டாக்கில் (சுற்றும் தலைப் பகுதி) பிடித்து மில்லிங் செய்வது மட்டும் மரியாதைக்குரிய வழி. இங்கிலாந்தில் மைஃபோர்ட் லேத் வைத்திருந்தவர்கள் பல வருடம் அப்படித்தான் எஞ்சின் கட்டினார்கள். இடம் துளியும் அடைக்காது. ஆனால் ஜாப், அதாவது வெட்டப்படும் துண்டு, தீப்பெட்டி அளவைத் தாண்டினால் பிடிக்க வழியிருக்காது, ஒவ்வொரு முறையும் லேத்தின் கத்தி நிற்கும் டூல் போஸ்டைக் கழற்றி மாட்டுவதிலேயே சாயங்காலம் போய்விடும். நான் ஒரு வருடம் ஓட்டினேன், போதும்.

மிச்சம் இருப்பது நாலு.

எல்லோரும் முதலில் பார்ப்பது சீனக் குட்டி மெஷின். ஷாங்காய் சீக் நிறுவனத்தின் எக்ஸ்2, அப்புறம் அதே அச்சில் வேறு வேறு பெயரிலும் வேறு வேறு பெயின்டிலும் வருபவை. சுமார் அறுபது கிலோ, இரண்டு பேர் தூக்கி மேஜைமேல் வைத்துவிடலாம், வீட்டு 230 வோல்ட் பிளக்கில் ஓடும். பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் அருமையான மெஷின். இரும்பு போட்டால்தான் அதன் சுபாவம் வெளியே வரும். அதன் தூண் சாய்க்கும்படி செய்திருக்கிறார்கள், மொத்தத் தூணும் பின்னால் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்கிறது. நண்பர் வீட்டில் டேபிளில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) வைத்து, அதன் நுனியைக் கட்டர் சுற்றும் தலையில் தொட வைத்து, கையால் லேசாகத் தள்ளினேன். முள் ஐந்தாறு கோடு நகர்ந்தது, அதாவது 0.05 மி.மீ.க்கு மேல். விரல் தள்ளியே இந்த ஆட்டம் என்றால், 10 மி.மீ. கட்டர் இரும்பில் கடிக்கும்போது என்ன ஆகும்? கிர்ர்ர் என்று ஒரு கத்தல், முகமெல்லாம் மீன் செதில் மாதிரி வரி. பின்பக்கம் கனமான பிளேட் அடித்துத் தூணை இறுக்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர், அவரும் அதைத்தான் செய்தார், பாதி சரியானது. பழைய மாடல்களில் உள்ளே பிளாஸ்டிக் கியர், கட்டர் சிக்கினால் முதலில் போவது அதன் பல்தான். பெல்ட் டிரைவ் மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இதில் ஸ்பிண்டில், அதாவது கட்டரைப் பிடித்துச் சுற்றும் தண்டு, எம்டி3-யா, ஆர்8-ஆ (இரண்டும் அதன் உள்ளே இருக்கும் டேப்பரின் வகை) என்று கேட்டு வாங்க வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. எம்டி3 மெல்லிய சாய்வுள்ள டேப்பர், இறுக்கிய பிறகு தானாகவே கவ்விக்கொள்ளும், கழற்ற மேலிருந்து இறுக்கும் டிரா பார் என்ற நீளப் போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு தட்ட வேண்டும். குட்டி மெஷினில் அந்தத் தட்டு ஒவ்வொன்றும் பேரிங்கில் இறங்குகிறதே என்று மனசு கேட்காது. ஆர்8 கொஞ்சம் தொட்டாலே விட்டுவிடும். கிடைத்தால் ஆர்8. இல்லையென்றால் ஒரு ஈஆர்32 காலெட் சக்கை (கட்டரைச் சுற்றிலும் நெருக்கிப் பிடிக்கும் பிடி) மாட்டி அதைக் கழற்றாமலே விட்டுவிடுங்கள், 20 மி.மீ. வரை எல்லாமே அதில் பிடிக்கும்.

அடுத்தது உருண்டைத் தூண் மில்-டிரில், மில்லிங்கும் டிரில்லிங்கும் ஒன்றிலேயே செய்வது. தைவான் ரோங் ஃபூ செய்த ஆர்எஃப்-30 வகையும் அதன் நகல்களும். கனம் இருக்கிறது, மோட்டார் பெரிது, விலைக்கு நிறைய இரும்பு கிடைக்கிறது, பார்த்தவுடன் ஆசை வரும். எனக்கும் வந்தது, முன்பணம் கொடுக்கிற அளவுக்குப் போனேன். விற்பவர் நல்ல மனிதர், ஒரு ஜாப் ஓட்டிப் பார்த்துக்கோங்க என்றார். ஒரு பிளேட்டில் 8 மி.மீ. ஓட்டை போட்டேன், அதே இடத்தில் எண்ட் மில் இறக்கிக் கிண்ணம் மாதிரி அகலப்படுத்த வேண்டும். டிரில் சக் நீளம், எண்ட் மில் குட்டை, ஆகத் தலையை இறக்கித்தான் ஆக வேண்டும். கிளாம்பைத் தளர்த்திய நொடியில் தலை உருண்டைத் தூணைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பிவிட்டது. டேபிளைத் தொடவே இல்லை, ஆனாலும் கிண்ணம் ஓட்டைக்கு அரை மி.மீ. தள்ளி விழுந்தது. இது அந்த மெஷினின் குறை இல்லை, அந்த வகையின் பிறவிக் குணம். தலையில் ஒரு லேசர் பேனாவைக் கட்டி, எதிர்ச் சுவரில் செங்குத்தாகக் கோடு போட்டு, தலையை ஏற்றி இறக்கிய பிறகு புள்ளி கோட்டில் விழும்படி திருப்பி இறுக்குவார்கள். சுவர் தூரத்தில் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். என் ஷெட்டில் எதிர்ச் சுவர் ஆறடியில் இருக்கிறது, அதுவும் ஸ்கூட்டருக்குப் பின்னால். எல்லா டூலையும் ஒரே நீளத்தில் வைத்து, குவில், அதாவது தலைக்குள்ளிருந்து இறங்கும் ஸ்பிண்டில் குழாய், ஓடும் தூரத்துக்குள்ளேயே வேலையை முடிக்கிறவர்களுக்கு இது மலிவான நல்ல மெஷின். நான் அவ்வளவு ஒழுங்கான ஆள் இல்லை.

மூன்றாவது, பழைய இரும்பு. கோவையில் பழைய மெஷின் யார்டில் நின்றால் யாருக்கும் புத்தி தடுமாறும். எச்எம்டி நிறுவனத்தின் எஃப்என்2, பஞ்சாப் பட்டாலாவில் வார்த்த மெஷின்கள், எப்போதாவது ஒரு பிரிட்ஜ்போர்ட். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் ஊரில் 1938-ல் வந்த அந்த டிசைனைத்தான் இன்றைக்கும் உலகமே நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது, ஆர்8 டேப்பரும் அவர்கள் கொண்டுவந்ததே. இதில் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் மேலே சொன்ன எதையும் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடாது. கட்டர் இரும்பில் இறங்கும் சத்தமே வேறு, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி.

ஆனால் நல்ல நிலை என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் பார்த்த ஒரு பட்டாலா மெஷினில் பச்சைப் பெயின்ட் இன்னும் கையில் ஒட்டியது. ஸ்பிண்டிலை ஓடவிட்டேன், சத்தமில்லை. அப்புறம் டேபிளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் சுற்றிக்கொண்டே போனேன். நடுவில் பஞ்சு மாதிரி ஓடுகிறது, கடைசிப் பத்து சென்டிமீட்டரில் இரண்டு கையும் தேவைப்படுகிறது. "ஆயில் விட்டா சரியாயிடும் சார்" என்றார். ஆகாது. முப்பது வருடம் எல்லா வேலையும் டேபிளின் நடுப்பகுதியில்தான் நடந்திருக்கும், ஸ்லைடும் ஸ்க்ரூவும் அங்கேதான் தேய்ந்திருக்கும். நடுவில் ஆட்டம் போகும்படி ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் கிப் பட்டையை இறுக்கினால் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும், ஓரத்துக்குத் தளர்த்தினால் நடுவில் ஆடும். கையால் சுரண்டி முகத்தைச் சமமாக்கும் ஸ்கிரேப்பிங் செய்யாமல் தீராது, அதற்கு ஆகும் செலவில் இன்னொரு மெஷின் வந்துவிடும். ஹேண்டிலை முன்னும் பின்னும் திருப்பி பேக்லாஷும் (ஸ்க்ரூவில் இருக்கும் வெற்று ஆட்டம்) பாருங்கள். அது அதிகமாக இருந்து, கட்டர் சுற்றும் திசையிலேயே ஜாபை ஊட்டினால், கட்டர் டேபிளை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், உடைவது கட்டரா ஜாபா என்பது அன்றைய அதிர்ஷ்டம். எதிர்த்திசையில் ஊட்டுகிறவரை ஓட்டிவிடலாம்.

இன்னொன்று, யார்டில் மலிவாகக் கிடப்பவை பெரும்பாலும் கட்டர் படுக்கைத் தண்டில் சுற்றும் ஹாரிசாண்டல் மெஷின்கள். கட்டரை நிமிர்த்திப் பிடிக்கும் வெர்டிகல் ஹெட் தனியாக வாங்கிக்கலாம் என்பார்கள். அதே மாடலுக்குப் பொருந்தும் ஹெட்டைத் தேடி அலைந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஹெட்டோடு இருந்தால் பேசுங்கள், இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய மெஷின்களின் மோட்டார் பெரும்பாலும் த்ரீ பேஸ் என்பதால் கரண்ட்டைப் பற்றித் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். நம் ஊரில் பல வீடுகளுக்கு ஏற்கெனவே த்ரீ பேஸ் லைன்தான் வந்திருக்கிறது, மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும். இல்லாவிட்டாலும் சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக மாற்றித் தரும் விஎஃப்டி என்ற கருவி இருக்கிறது. ஒரே ஒரு விஷயம், அது வெளியே கொடுப்பது 230 வோல்ட் த்ரீ பேஸ், மோட்டாரின் நேம் பிளேட்டில் 415 ஸ்டார், 240 டெல்டா (மோட்டார் வயர்களை இணைக்கும் இரண்டு விதம்) என்று இருந்தால் டெல்டாவாக மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். 415 டெல்டா என்று இருந்தால் அந்த வழி அடைபட்டது, மோட்டாரையே மாற்ற வேண்டிவரும். நிஜமான பிரச்சினை எடை. பிரிட்ஜ்போர்ட் ஒரு டன்னை ஒட்டி, எஃப்என்2 அதற்கும் மேலே. ஜிஐ பைப் போட்டு உருட்டி, கடப்பாரையால் நெம்பி நெம்பி உள்ளே கொண்டுபோகலாம், ஆள் இருக்கிறார்கள். ஆனால் வீடு மாறினால்? வாடகை வீட்டுக்காரர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

நாலாவதாக குட்டிக்கும் பழைய இரும்புக்கும் நடுவில் ஒரு ஜாதி இருக்கிறது, நான் போய் நின்றது அங்கேதான். பிஎஃப்20 என்ற அளவில் வரும் பெஞ்ச் மெஷின்கள், நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், தூண் உருண்டை இல்லாமல் டவ்டெயில் (புறா வால் வடிவத்தில் சரிந்த ஓரம்), தலையை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் நேராகவே வரும். சிங்கிள் பேஸ். இரும்பில் எக்ஸ்2 கத்துகிற இடத்தில் இது முனகுவதோடு நிறுத்திக்கொள்ளும். இதற்கு மேலே ஆர்எஃப்-45 இருக்கிறது, முந்நூறு கிலோ, கியர் ஹெட், எனக்கு இடமிருந்தால் அதுதான். ஆனால் கியர் சத்தத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

விலைப்பட்டியலில் வராத ஒன்று. மெஷினுக்கு வைத்திருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வையுங்கள். வைஸ், கிளாம்பிங் செட், பேரலல்கள் (ஜாபுக்கு அடியில் வைக்கும் சமக் கட்டைகள்), எட்ஜ் ஃபைண்டர் (ஜாபின் ஓரத்தைக் கண்டுபிடிப்பது), டயல், காலெட், கட்டர், எல்லாமே தனி. வைஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். நான் வாங்கிய மலிவு வைஸ் இறுக்கும்போது தாடையைத் தூக்கிக்கொண்டு ஜாபையும் தூக்கிவிடுகிறது, அதைப் பிடித்து எதையும் சதுரமாக வெட்ட முடியாது. கட்டரில் கார்பைடு பளபளப்பில் மயங்க வேண்டாம், குட்டி மெஷினின் அதிர்வில் அதன் முனை உதிர்ந்துவிடும். சென்னை அடிசன் மாதிரி ஒரு நல்ல எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) எண்ட் மில் போதும். நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால் 10 மி.மீ. கட்டருக்கு 800 சுற்று வரும், 50 மி.மீ. ஃபிளை கட்டருக்கு (ஒற்றைக் கத்தி சுற்றும் அகலக் கட்டர்) வெறும் 160. அந்த 160-ல் மோட்டாருக்கு இழுவை இருக்கிறதா என்பதை வாங்குகிற இடத்திலேயே ஓட்டிப் பாருங்கள்.

வருடத்துக்கு நாலு கீவே (தண்டில் சாவி உட்காரும் பள்ளம்) மட்டும்தான் வெட்டுவேன் என்றால் இது எதுவுமே தேவையில்லை, தெருமுனை லேத் பட்டறையில் கொடுத்து வாங்குங்கள். எனக்குப் பொழுதுபோக்கே அந்த வெட்டுவதுதான் என்பதால் அந்தக் கணக்கு சரிவரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பிஎஃப்20 குட்டியானையில் வருகிறது. ஷெட்டில் டைல்ஸை ஒரு சதுரம் பெயர்த்து கான்கிரீட் போட்டு, ஆங்கிளில் வெல்டு அடித்த ஸ்டாண்டை நிறுத்தியாகிவிட்டது. வீட்டில் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, ஸ்கூட்டர் வெளியே நனையக்கூடாது. இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன், ஹேண்டில்பாருக்கும் டேபிள் ஹேண்டிலுக்கும் நடுவே நாலு அங்குலம் இடிக்கிறது.