மாவாக அரைத்த கோழித் தீவனத்தை வாங்கி ஏமாறாதீர்கள்

கிலோவுக்கு 4 ரூபாய் குறைவு என்றதும் தீவனம் வாங்கும் இடத்தை மாற்ற நினைக்கிற நாட்டுக்கோழிப் பண்ணைக்காரர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். நான் மாற்றினேன். 300 குஞ்சு விட்ட தொகுதி வளராமல் தேங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு மில். பெயர் வேண்டாம். மாதிரிப் பொட்டலத்தில் மக்காச்சோளம் ரவை போலக் கையில் உருண்டது. முன்பணம் கொடுத்து 12 மூட்டை சொன்னேன். வந்து இறங்கியதோ வேறு. மூட்டைக்குள் கைவிட்டால் விரல் ரேகை தெரியாத அளவுக்கு மாவு அப்பியது, ஊதினால் பறந்தது. மில்காரரிடம் கேட்டதற்கு, "நைஸா அரைச்சாத்தாண்ணே செரிக்கும், குஞ்சுக்குப் பல்லா இருக்கு?" என்றார். சரியாகத்தான் சொல்கிறார் என்று எனக்கும் பட்டது.

பல் இல்லை, ஆனால் அரைவைப்பை இருக்கிறதே! கோழி சுத்தம் செய்யும்போது உள்ளே மஞ்சள் தோலை உரித்து எறிவோமே, அந்தத் தடித்த சதைதான் கோழிக்கு அம்மி. உடைத்த தானியம் அங்கே தங்கி, அமிலத்தில் ஊறி, அரைபட்டு மெல்லக் குடலுக்கு இறங்கும். மாவு தங்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். வேலையில்லாத சதை வளர்வதில்லை. செரிக்காமல் கடைக்குடலுக்குப் போகிற சத்தெல்லாம் கிருமிகளுக்குத்தான் தீனி.

பத்தே நாளில் அலகு ஓரமெல்லாம் மாவு பசைபோல் ஒட்டிக் காய்ந்திருந்தது. தண்ணீர்த் தட்டில் கூழ். எச்சம் இளகி, கூளம் நசநசத்து, காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தால் கண் எரிந்தது. 8 வாரத்தில் சராசரி எடை 430 கிராம். முந்தைய தொகுதி 600 தாண்டியது. செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தேன், அரைவைப்பை சிறுத்துத் தொளதொளவென்று இருந்தது. மனசே கேட்கவில்லை.

இன்னொன்றும் அப்புறம்தான் புரிந்தது. மாவாக்கிவிட்டால் உள்ளே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பிடி அள்ளி டம்ளர் தண்ணீரில் போட்டேன். மேலே உமி மிதந்தது, அடியில் மண் படிந்தது. பணத்தைக் கேட்டால், "கோழி தின்னுச்சுல்ல?" என்கிறார்கள். என் கையில் இருப்பது வெறும் துண்டுச் சீட்டு.

அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். எந்த அளவு சல்லடையில் அரைத்தார்கள் என்று கேளுங்கள். சின்னக் குஞ்சுக்கு நொய் போல, வளர வளர இன்னும் பருமனாக இருக்கட்டும். பெல்லட், அதாவது அழுத்திக் குச்சி குச்சியாக்கிய தீவனம் வாங்கினாலும் மூட்டையின் அடியில் எவ்வளவு தூள் என்று பாருங்கள், பாதி தூளாக இருந்தால் அதுவும் மாவுதான். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். கோழிக்குப் போடுவதற்கு முன்பே நான் அதைச் செய்திருக்க வேண்டும்.

மீதி 3 மூட்டை ஷெட்டில் கிடக்கிறது. அன்றைக்குக் கொடுத்த மாதிரிப் பொட்டலமும் பக்கத்திலேயே இருக்கிறது. வருகிறவர்கள் இரண்டிலும் ஒரு பிடி எடுத்துப் பார்க்கலாம்.